கடைசி வாசல் வரை

(மலேசியாவின் கோலா கெடா வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவிட் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு செய்த உதவியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுவது எளிது. அரசைப் புகழ வேண்டும் என்று வந்தால் புகழ்வதற்குப் பட்டியல் இருக்கிறது. அரசைத் திட்ட வேண்டும் என்று வந்தால் அதற்கும் பட்டியல் இருக்கிறது. நான் இரண்டுக்கும் வரவில்லை. ஒரே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். அறிவித்த உதவி, தோட்டத்து லயத்தில் கடைசி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் யார் கையால் சேர்ந்தது? சேரவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றது?

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். மறதி நம் எல்லோருக்கும் வேகமாக வருகிறது.

2020 மார்ச் 18. நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. பள்ளிகளுக்குப் பூட்டு. இரண்டு வாரம் என்றார்கள். இரண்டு வாரம் மூன்று மாதமானது. ஜூன் 24ஆம் தேதிதான் தேர்வு வகுப்புப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குத் திரும்பினார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் ஜூலையில் திரும்பினார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டோம். மூச்சு உள்ளே போவதற்குள் நம் கெடா மாநிலத்திலேயே நாப்போவில் ஒரு தொற்றுக் கூட்டம் வெடித்தது. அதற்குச் சிவகங்கை என்று பெயர் வைத்தார்கள். குபாங் பாசு வட்டாரத்தில் வீடுகளைச் சுற்றி வேலி விழுந்தது. செப்டம்பரில் கோத்தா ஸ்டார் மாவட்டத்துக்கே கடுமையான கட்டுப்பாடு. கோலா கெடா எந்த மாவட்டம்? கோத்தா ஸ்டார்தானே! மற்ற ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் இருந்தபோது இந்த ஊர்ப் பிள்ளைகள் மறுபடியும் வீட்டில் இருந்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி நாடு முழுவதும் மீண்டும் பூட்டு. 2021 மார்ச்சில் சின்னப் பிள்ளைகள் திரும்பினார்கள். மே மாதத்தில் மீண்டும் பூட்டு. திறந்தது அக்டோபரில், அதுவும் படிப்படியாக.

ஒரு பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 2020 ஜனவரியில் ஒன்றாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளை. அ எழுதப் பழகி, ஆ எழுதப் பழகிக்கொண்டிருந்தபோது கதவு மூடியது. அந்தப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டும் இல்லை, இரண்டாம் ஆண்டும் சரியாக இல்லை. கையைப் பிடித்து எழுத வைக்க வேண்டிய வயது அது. கைப்பேசித் திரை கையைப் பிடிக்குமா?

அன்பர்களே, அரசு சும்மா இருந்ததா? இல்லை. நியாயமாகப் பேச வேண்டும். செய்ததைச் செய்தது என்று சொல்ல வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் நாளொன்றுக்கு ஒரு ஜிகாபைட் இணையம் இலவசம் என்றார்கள். வந்தது. ஏப்ரலிலேயே தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அதற்கென்றே டிடிக் டிவி என்று ஓர் அலைவரிசை தொடங்கினார்கள். 2020 ஜூன் மாதத்தில் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை அந்த ஆண்டுக்கு ரத்துச் செய்தார்கள். அடுத்த ஆண்டு அதை அடியோடு எடுத்தார்கள். எஸ்.பி.எம். தேர்வை 2021 பிப்ரவரிக்குத் தள்ளி வைத்தார்கள். குடும்பங்களுக்குப் பந்துவான் பிரிஹாத்தின் என்ற உதவித்தொகை. 4,000 வெள்ளிக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, இரண்டு தவணையாக. உயர்கல்வி மாணவருக்கு ஆளுக்கு 200 வெள்ளி. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவருக்கு ஆறு மாத வாடகை விலக்கு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கைப்பேசிக் கட்டணத்துக்கு 180 வெள்ளி. பிறகு செர்டிக் திட்டம்: அரசு சார்ந்த நிறுவனங்களின் 15 கோடி வெள்ளியில் 500 பள்ளிகளில் 1,50,000 பிள்ளைகளுக்கு மடிக்கணினி.

கேட்கும்போது எப்படி இருக்கிறது? நிறைவாக இருக்கிறது. இப்போது இந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போவோம், வாருங்கள்.

காலை ஐந்தரை. அப்பா பால்மரம் வெட்டப் போகிறார், அல்லது செம்பனைக் குலை அறுக்கப் போகிறார். ஊரே அடைந்து கிடந்தபோதும் தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. செம்பனை எண்ணெய் நாட்டுக்கு அந்நியச் செலாவணி அல்லவா? அம்மா தொழிற்சாலை வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ போகிறார். வீட்டில் கைப்பேசி ஒன்று. அது யாரோடு போகும்? அப்பாவோடு போகும். கங்காணி கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே! வீட்டில் பிள்ளைகள் மூன்று பேர். ஆறாம் ஆண்டு ஒன்று, நான்காம் ஆண்டு ஒன்று, ஒன்றாம் ஆண்டு ஒன்று. ஆசிரியர் எட்டு மணிக்கு வகுப்பு என்று புலனத்தில் செய்தி அனுப்புகிறார். அந்தச் செய்தி பால்மரக் காட்டுக்குள் அப்பாவின் சட்டைப்பையில் மணி அடிக்கிறது.

ஒரு ஜிகாபைட் இலவசம். சரி. எந்தக் கருவியில் ஊற்றி வைப்பது?

நான் கதை சொல்வதாக நினைக்க வேண்டாம். கல்வி அமைச்சே 2020இல் ஏறத்தாழ 9 இலட்சம் மாணவர்களைப் பற்றி அவர்களின் பெற்றோரிடம் கேட்டது. 36.9 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மூன்று பேரில் ஒருவருக்கு மேல்! அதுவும் அந்த ஆய்வு இணையத்தின் வழி நடந்தது. இணையமே எட்டாத வீட்டுக்காரர் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லியிருப்பார்?

செர்டிக் மடிக்கணினிக்கு வருவோம். 1,50,000 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனால் நம் அரசாங்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று பேர். கருவி இல்லாதவர் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தேழு, கருவி கிடைப்பது நூற்றுக்கு மூன்று. அந்தத் திட்டத்தின் முன்னோடிக் கட்டம் தொடங்கியதே 2021 பிப்ரவரியில். பள்ளி மூடி பதினோரு மாதத்துக்குப் பிறகு.

இன்னொன்று சொல்கிறேன். இதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கைப்பேசி, கணினி வாங்கினால் வருமான வரியில் 2,500 வெள்ளி வரை கூடுதல் கழிவு என்று 2020 ஜூனில் அறிவித்தார்கள். நல்ல திட்டம்தான், வரி கட்டுகிறவருக்கு. அந்த ஆண்டு நகராண்மைக் கழக எல்லைக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? மாதம் 1,100 வெள்ளி. 1,100 வெள்ளி வாங்குகிற தொழிலாளி வருமான வரியே கட்டுவதில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? அலோர் ஸ்டாரில் இரண்டு சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அந்த உதவி வந்தது. பீடோங் தோட்டத்து வீட்டுக்கு வரவில்லை. ஒரே நாடு, ஒரே அறிவிப்பு, ஒரே நோய். ஒரு வாசலில் நுழைந்தது, மறு வாசலைத் தாண்டிப் போனது.

தொலைக்காட்சிப் பாடம்? தொலைக்காட்சி ஏறத்தாழ எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளிபரப்பான பாடம் பெரும்பாலும் மலாய்மொழியில். தமிழ்ப்பள்ளியில் கணிதத்தைத் தமிழில் படிக்கத் தொடங்கிய ஏழு வயதுப் பிள்ளை மலாயில் பின்னக் கணக்கைக் கேட்டு எவ்வளவு பிடித்துக்கொள்ளும்? புரியவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்க முடியுமா?

இனி சாப்பாட்டுக்கு வருவோம். பள்ளி என்றால் பாடம் மட்டுமா? 1979ஆம் ஆண்டு தொடங்கிய கூடுதல் உணவுத் திட்டத்தை நாம் ஆர்.எம்.டி. என்று சொல்கிறோம். ஏழைப் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கு வந்து பசியாறுகிற திட்டம். சோறும் கோழியும் முட்டையும் பழமும் பாலும் கிடைக்கிற இடம் அது. சமைப்பது பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில். பரிமாறுவது பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில். பள்ளியைப் பூட்டினால் அந்தத் தட்டு என்ன ஆகும்? சிற்றுண்டிச்சாலைக்காரருக்கு வாடகை விலக்குக் கொடுத்தார்கள், அது சரி. அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை எங்கே போனது?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வழி கண்டார்கள். காமராசர் காலத்திலிருந்து வேரூன்றிய மதிய உணவு அங்கே உண்டு. பள்ளிகள் மூடியபோது சமைத்த சோற்றைக் கொடுக்க முடியாது. ஆகவே அரிசியாகவும் பருப்பாகவும் முட்டையாகவும் பிள்ளையின் குடும்பத்திடம் கொடுத்தார்கள். குறையில்லாத ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம் மூடினாலும் பிள்ளைக்கு உரிய பங்கு மூடக்கூடாது என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்த எண்ணம்தான் முக்கியம்.

இந்த ஊர்ச் செய்தி ஒன்று. 2021 செப்டம்பர் 16ஆம் தேதி சுற்றுப்பயணிகளுக்காக லங்காவியைத் திறந்தார்கள். நம் கோலா கெடா படகுத்துறையில் கூட்டம் வந்தது. பெட்டிகள் வந்தன. படகு கிளம்பியது. நல்லது, இந்த ஊரில் படகை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் நாட்டில் பள்ளிகள் படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது எப்போது? அக்டோபர் 3. படகு முதலில் போனது, பள்ளி வேன் பின்னால் போனது. தடுப்பூசி, தொற்று எண்ணிக்கை, ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். எதை முதலில் திறக்க வேண்டும் என்று ஒரு நாடு எண்ணும்போது, திறக்கச் சொல்லிக் கேட்கிறவர் குரலும் கணக்கில் வருகிறது. விடுதிக்காரருக்குச் சங்கம் இருந்தது, கேட்டார். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைக்காக நாம் கேட்டோமா?

சரி, சேராததையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்த இடம் இல்லையா? இருக்கிறது. அதைத்தான் இன்று உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

நம் கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்களின் பெயரையே சுமந்துகொண்டு இன்னும் நிற்பவை பல. அந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது? ஆசிரியர்கள் பயிற்றி என்னும் பயிற்சித் தாள்களைத் தயாரித்தார்கள். போட்டோஸ்டேட் எடுத்தார்கள். பிள்ளைக்கு ஒரு கட்டு என்று பிரித்துக் கட்டினார்கள். மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு தோட்டத்து வாயிற்காவலர் கொட்டகையில் கொடுத்தார்கள், மளிகைக் கடையில் கொடுத்தார்கள், கோயில் திண்ணையில் வைத்தார்கள். அடுத்த வாரம் வந்து எழுதிய தாளை வாங்கிக்கொண்டு புதுக் கட்டைக் கொடுத்தார்கள். இணையம் எட்டாத சீக், பாலிங் மலையோரங்களில் இந்தக் காகிதக் கட்டுதான் பள்ளிக்கூடம். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்த ஆசிரியர்களும் உண்டு. ஏன் இரவு ஒன்பது? அப்பா வேலை முடிந்து, குளித்து, சாப்பிட்டு, கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுக்கிற நேரம் அது. எந்தச் சுற்றறிக்கை சொல்லி அந்த ஆசிரியர் அந்த நேரத்தைப் பிடித்தார்? எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. அந்த வீட்டின் அடுப்பு எப்போது எரியும், விளக்கு எப்போது அணையும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே என் முடிவு இது. உதவி பள்ளியின் வழியாகப் போன இடத்தில் பிள்ளையிடம் சேர்ந்தது. பள்ளியைத் தாண்டிப் போன இடத்தில் வழியிலேயே நின்றது. எந்தப் பிள்ளையிடம் கைப்பேசி இல்லை, எந்தப் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கிறது, எந்த வீட்டில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பது புத்ராஜெயாவுக்குத் தெரியாது. வகுப்பாசிரியருக்குத் தெரியும். தெரிந்தவர் கையில் பணம் இல்லை. பணம் உள்ளவர் கண்ணில் பிள்ளை படவில்லை.

ஏன் பள்ளியின் கையில் பணம் இல்லை? இங்கேதான் பழைய நோய் ஒன்று இருக்கிறது. கோவிட் வருவதற்கு முன்பே இருந்த நோய். நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் தோட்ட நிறுவனத்துடையது, அல்லது வேறொருவருடையது. ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். கட்டடத்துக்கும் பராமரிப்புக்கும் முழுப் பொறுப்பு ஏற்காது. பாட மானியம் வருகிறது, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வருகிறது. 600 பிள்ளைகள் உள்ள பட்டணப் பள்ளிக்கு அது ஒரு தொகை. 30 பிள்ளைகள் உள்ள தோட்டப் பள்ளிக்கு அதே கணக்கில் எவ்வளவு வரும்? இருபதில் ஒரு பங்கு. ஆனால் போட்டோஸ்டேட் இயந்திரம் இருபதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்குமா? தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறிய பிறகு அந்த முப்பது பிள்ளைகளும் முப்பது திசையில் இருக்கிறார்கள். பெட்ரோல் செலவு பட்டணப் பள்ளியைவிட அதிகம். 150 பிள்ளைகளுக்குக் குறைந்தால் அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் அப்படிப்பட்டவை எத்தனையோ! தலைக் கணக்கில் உதவி வந்தால் சின்னப் பள்ளி எப்போதும் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்த பிள்ளைதான். பாயசம் வரும்போது பாத்திரம் காலியாகிவிடும்.

இது பெற்றோர்களுக்குப் புதிதா? இல்லை. 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி இரண்டு நூற்றாண்டைக் கடந்துவிட்டது. ஒவ்வொரு காலத்திலும் பள்ளிக்கூரைக்குத் தகரம் வாங்கியவர்கள் யார்? சம்பளத்தில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி பிடித்துக் கொடுத்த தொழிலாளிகள். கோயில் உண்டியல். பெற்றோர் ஆசிரியர் சங்கம். கோவிட் காலத்திலும் அவர்களே கைக்காசு போட்டார்கள். அதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் எச்சரிக்கையும் செய்கிறேன். நம் கொடையுள்ளத்தைக் காட்டி அரசு தன் கடமையைச் சுருக்கிக்கொள்ள இடம் கொடுக்கக்கூடாது.

பூட்டுத் திறந்துவிட்டது. பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா? முடியவில்லை. 2020 மார்ச்சிலிருந்து 2021 ஜூலை வரை நாட்டில் 21,316 மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கடைக்கு வேலைக்குப் போன பையன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண். போனவர்கள் ஒருபுறம். இருக்கையில் உட்கார்ந்திருந்தும் எழுத்துக் கூட்ட முடியாமல் போனவர்கள் மறுபுறம்.

இங்கேயும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. 2021 அக்டோபர் 27ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பெயர் அழகு, வேலை அதைவிட அழகு. அந்தந்தத் தெருவிலேயே படித்த பெண்கள் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், வீட்டுத் திண்ணையிலோ ஊர்ப் பொது இடத்திலோ, சுமார் இருபது பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாட்டும் விளையாட்டும் எழுத்தும் கணக்கும். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெரிய கணினி இல்லை, பெரிய கட்டடம் இல்லை. பயன் இருந்ததா? அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற பொருளியலறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

நம்மிடம் திண்ணை இல்லையா? ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் மண்டபம் இருக்கிறது. பாலாய் ராயா என்னும் பொது மண்டபம் இருக்கிறது. செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்து முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். இல்லாதது என்ன? ஓர் ஊக்கத்தொகை, ஒரு பயிற்சி, ஒரு பொறுப்பாளர். இவை அரசு கொடுக்க வேண்டியவை.

ஆகவே நான் கேட்பது மூன்று.

ஒன்று. நெருக்கடிக் காலத்துக்கென்று ஒவ்வொரு பள்ளிக்கும் அடிப்படைத் தொகை வேண்டும். தலைக்கு இவ்வளவு என்பது அதற்கு மேலே வரட்டும். முப்பது பிள்ளைப் பள்ளியும் முந்நூறு பிள்ளைப் பள்ளியும் கதவு மூடிய மறுநாளே பயிற்றி அச்சடிக்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் கையில் காசு இருக்க வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவிடம் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் காசு வேண்டாம். தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து முடிவெடுத்துச் செலவு செய்யும் காசு வேண்டும். செலவைக் கணக்குக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவோம்.

இரண்டு. பள்ளி மூடினாலும் பிள்ளையின் உணவுப் பங்கு மூடக்கூடாது. வெள்ளமோ புகைமூட்டமோ கொள்ளைநோயோ, ஆர்.எம்.டி. பட்டியலில் உள்ள பிள்ளையின் வீட்டுக்கு உலர் பொருளாகப் போக வேண்டும். இதற்கு விதி முன்கூட்டியே எழுதப்பட வேண்டும்.

மூன்று. பள்ளி திறந்த பிறகு மாலை வகுப்பு. இழந்ததை மீட்கும் வரை, தமிழில், பிள்ளை இருக்கும் இடத்திலேயே.

இவை பெரிய கோரிக்கைகளா? இல்லை. 15 கோடி வெள்ளிக்கு மடிக்கணினி வாங்க முடிந்த நாட்டுக்கு இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. மடிக்கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும்! பிள்ளையைத் தெரிந்தவர் சொல்லும் பிள்ளைக்கு முதலில் போக வேண்டும் என்கிறேன்.

அரசிடம் கேட்பது இருக்கட்டும். நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம் நடக்கும். வழக்கமாக என்ன நடக்கும்? தேநீர் குடிப்போம், கணக்கறிக்கைக்குக் கை தூக்குவோம், வீட்டுக்குப் போவோம். இந்த முறை ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். எந்த வீட்டில் கருவி இல்லை, எந்த வீட்டில் கைப்பேசி எந்த நேரத்துக்கு இருக்கும், எந்தப் பிள்ளை பள்ளிச் சாப்பாட்டை நம்பியிருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். அந்தப் பிள்ளைகள் கூசாதபடி தலைமையாசிரியரின் பெட்டிக்குள் அது பத்திரமாக இருக்கட்டும். எத்தனை வீடு, எத்தனை பிள்ளை என்ற எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு இலாகாவுக்குப் போங்கள், சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள், நாடாளுமன்ற உறுப்பினரிடம் போங்கள். வெறுங்கையோடு போனால் ஆறுதல் கிடைக்கும். எண்ணிக்கையோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

கோலா கெடா வட்டாரம் தொடங்கட்டும். சுங்கைப்பட்டாணி தொடரட்டும். கூலிமும் பாடாங் செராயும் பின்னால் வரட்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் எண்ணிக்கை ஒரே கோப்பில் சேர்ந்து ஒரு மேசையில் விழும்போது, அதைத் தள்ளி வைக்க எந்த அதிகாரிக்கும் கை வராது. அந்தக் கோப்பின் முதல் தாளை எழுதும் வேலை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுடையது. இன்று இரவே தொடங்குங்கள்.